புது டயர் போட்ட பழைய ஜீப்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? இன்னும் அந்தக் குட்டை மேஜையில் குனிந்துதான் பிழை திருத்துகிறாயா? அச்சக முதலாளியிடம் மேஜைக் காலுக்கு அடியில் செங்கல் வைத்துத் தரச் சொல். நம் சின்னவள் சுகமா? உன்னைக் கட்டிக்கொண்ட பிறகும் சிரிக்கிறாள் என்றால் சுகமாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு விஷயம். நான் ஒரு ஜீப் வாங்கியிருக்கிறேன்.

எழுந்து நிற்காதே, உட்கார்ந்தே படி. இங்கே மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் சிதறிக் கிடக்கிற குடியிருப்புகளில் மாதம் ஒருமுறை கர்ப்பிணிகளைப் பார்க்கப் போக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அதற்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு வண்டி உண்டு. அது பெரிய டாக்டர் வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போயிருக்கும், அல்லது வாங்கிவந்த களைப்பில் நிழலில் நிற்கும். நான் பிரசவத்துக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை பல நேரங்களில் எனக்கு முன்பே வந்துவிடுகிறது.

அதனால் வாங்கிவிட்டேன். பழசுதான். நிலம் அளக்கும் சர்வேயர் ஒருவர் வைத்திருந்தார். "ஒரே கை ஓட்டின வண்டிம்மா" என்று சத்தியம் செய்தார். வாங்கி ஓட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவர் பொய் சொல்லவில்லை. இன்னொரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிரேக்கை மூன்று முறை மிதித்தால் நிற்கும். இடப்பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடிக்கும். மற்றபடி நல்ல வண்டி. ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிற வரைக்கும் எப்படியும் தாங்கும்.

எல்லோருக்கும் என் அன்பு. தண்ணீர் நிறையக் குடி.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படிக்கும் வரை என் முதுகும் நலமாகத்தான் இருந்தது.

முதலில் பிழைகள். 'பிரேக்' என்று எழுதியது சரி. 'ஹாரன்' பேச்சு வழக்கு. அச்சில் 'ஹார்ன்' என்றுதான் போடுவோம். இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற இன்னும் அரை வருடம்கூட முழுதாக இல்லை. கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்தில் போய் யாராவது வாழைமரம் கட்டுவார்களா? போகும்போது அதை என்ன செய்வாய்? ரயிலில் ஏற்றிக்கொண்டா வருவாய்?

நீ வண்டி ஓட்டுகிறாய் என்பதே எனக்குப் புதுச் செய்தி. நான் சைக்கிள் கற்றுக்கொண்டபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவள் நீ. நீ அதில் ஏறி நான் பார்த்ததே இல்லை.

அக்கா, இத்தனை வருஷம் அந்த மணலில் கிடந்து எல்லோருக்கும் உழைத்தது போதும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் நீ. இனி உன்னை உட்கார வைத்துப் பார்ப்பது என் முறை. உன் அறை தயாராக இருக்கிறது. ஜன்னல் ஓரம்தான். வெள்ளையடித்து, துணி காயப்போடக் கொடி கட்டி, அப்படியே பூட்டி வைத்திருக்கிறேன். எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுக்கட்டும் என்று அடுத்த கடிதத்தில் எழுது. நானே நேரில் வந்து மூட்டை கட்டித் தருகிறேன்.

வண்டியைச் சர்வேயரிடமே திருப்பிக் கொடுத்துவிட முடியுமா என்று விசாரி.

அன்புள்ள,
தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். உன் முதுகைக் கெடுத்த பழி எனக்கு வேண்டாம். சூடான ஒத்தடம் கொடு.

சர்வேயரைத் தேடினேன். வண்டியை விற்ற வாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வண்டிக்குப் பெயர் வைத்துவிட்டோம். சம்பந்தியம்மா. காலையில் எழுந்ததும் போய் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும். கொஞ்சம் தூக்கலாக ஒரு வார்த்தை சொன்னால் நடுவழியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். மறுபடி சமாதானப்படுத்திக் கூட்டிவர வேண்டும்.

பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக் கிடைத்திருக்கிறார். பெயர் கேட்டேன், சொன்னார், மறந்துவிட்டது. எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பதால் ஊரே அவரை நாளைக்கு என்றுதான் கூப்பிடுகிறது. போன வாரம் நல்ல உச்சிவெயிலில் வண்டி நின்றுவிட்டது. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடுகிறதாம். நாளைக்கு வந்து பார்த்துவிட்டு, "ஈரத்துணிய குழாய் மேல போடுங்கம்மா, காய்ச்சல் புள்ளைக்குப் போடுற மாதிரி" என்றார். அந்த வேலைதான் எனக்கு நன்றாகத் தெரியுமே. போட்டேன். சிறிது நேரத்தில் கிளம்பிவிட்டது.

இன்ஜின் மிகவும் சூடானால் ஹீட்டரைப் போட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். இன்ஜினின் சூட்டை ஹீட்டர் உள்ளே இழுத்து நம் மேல் ஊதிவிடுமாம். இன்ஜின் குளிர்ந்துவிடும், நாம் வெந்துவிடுவோம். இந்த ஊர் வெயிலில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போகிற ஒரே பெண்பிள்ளை நான்தான். ஆடு மேய்ப்பவர்கள் கும்பிடாத குறையாகப் பார்க்கிறார்கள்.

ஆனாலும் இந்த மாதம் எல்லாக் குடியிருப்புக்கும் போய்விட்டேன். இத்தனை வருஷத்தில் இது நடந்ததே இல்லை.

சின்னவளுக்கு என் அன்பு.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கவலை, ஹீட்டர் செய்தி படித்ததிலிருந்து.

என் தொழில் என்ன என்பதை நீ மறந்துவிட்டாய். அச்சில் இருக்கிற தப்பை எவனும் கண்டுபிடிப்பான். விட்டுப்போன வரியைக் கண்டுபிடிப்பவன்தான் பிழை திருத்துபவன். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வண்டி இருக்கிறது, மெக்கானிக் இருக்கிறார், ஆடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்ட டிக்கெட் தேதி இல்லை. அறையைப் பற்றி எழுதியிருந்தேனே, அதற்கு ஒரு 'சரி' கூட இல்லை.

அச்சகத்தில் இயந்திரம் ஓட்டுகிறவரிடம் ஹீட்டர் விஷயத்தைச் சொன்னேன். அது சரிதான் என்கிறார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததால் நம்பவில்லை.

உன் அறை எப்படி இருக்கிறது தெரியுமா? சின்னவள் தினமும் பெருக்குகிறாள். வேறு யாரும் உள்ளே காலடி வைப்பதில்லை. ஜன்னலைத் திறந்தால் காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. கட்டிலுக்குப் புது மெத்தை போட்டாயிற்று. நீ வந்து படுக்க வேண்டியதுதான் பாக்கி.

தேதி, அக்கா. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. தேதி.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். பதில் எழுதத் தாமதமானதற்குச் சம்பந்தியம்மாதான் காரணம்.

போன மாதம் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பும்போது மணலில் புதைந்துவிட்டாள். வேகத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் கீழே போனாள், கோபம் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டவர்களைப் போல. பலகை வைத்துப் பார்த்தேன். பலகையும் போய்விட்டது. கடைசியில் ஒட்டகக்காரர் ஒருவர் வந்து டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார். காற்றை இறக்கினால் டயர் பரந்து மணலை மிதிக்குமாம், அழுத்தாதாம். இறக்கினோம். வெளியே வந்தாள். ஆனால் டயர்கள் கிழிந்துபோயின. வெயிலில் காய்ந்து வெடித்த பழைய ரப்பர், பாவம், அது என்ன செய்யும்.

அதனால் நான்கு டயரும் புதிதாகப் போட்டுவிட்டேன். குமிழ் குமிழாக மணலைப் பிடிக்கிற நல்ல தடித்த பட்டன் டயர். நாளைக்கு அவற்றைத் தட்டித் தடவிப் பார்த்துவிட்டு, "பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லம்மா" என்றார். அவர் வாயிலிருந்து நாளையைத் தாண்டி ஒரு காலம் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரேடியேட்டரைக் கழற்றி மணலெல்லாம் அலசினோம். பெட்ரோல் டாங்கில் ஒரு சின்ன ஒழுகல். குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடைத்திருக்கிறோம். இப்போது வண்டிக்குள் மல்லிகை வாசம் வீசுகிறது.

மெத்தை எதற்கு? எனக்குக் கயிற்றுக் கட்டில்தான் பழக்கம். வீண் செலவு செய்யாதே.

சின்னவளைக் கேட்டதாகச் சொல். அவள் ஏன் ஒரு வரிகூட எழுதுவதில்லை?

அக்கா


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

நலம்.

விட்டுவிட்டுப் போகிற ஊரில் யாரும் நான்கு டயரும் புதிதாகப் போடமாட்டார்கள்.

லீவு சொல்லிவிட்டேன். மே பதினெட்டாம் தேதி ரயிலில் வந்து இறங்குகிறேன். ஒரு வாரம் இருப்பேன். மிச்ச நாளுக்கு நீ லீவு போட்டுக்கொள். திரும்பும்போது இரண்டு டிக்கெட்.

ஸ்டேஷனுக்கு அந்த ஜீப்பைக் கொண்டுவர வேண்டாம்.

தம்பி


மே 29

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் சுகம். உன் வீட்டுக்காரரும் சுகம். கொஞ்சம் கறுத்திருக்கிறார், கொஞ்சம் இளைத்திருக்கிறார், வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்?

ஒரு வாரம் என்று சொல்லி வந்தவர் ஏன் இன்னும் வரவில்லை என்று நீ பயந்திருப்பாய். பயப்பட ஒன்றுமில்லை. ஸ்டேஷன் இங்கிருந்து வெகு தூரம். பஸ் வாரத்துக்கு ஒன்று, அதுவும் நினைத்தால்தான் வரும். எனவே ஜீப்பில்தான் கொண்டுபோய் விட வேண்டும். முதல் தடவை கிளம்பினோம். ஊர் எல்லையில் கிளட்ச் கம்பி அறுந்தது. நாளைக்கு என்கிற மெக்கானிக்கிடம் கொடுத்தோம். அவர் வழக்கமான பதிலைச் சொன்னார். இரண்டாவது தடவை பாதி தூரம் போனோம். புழுதிக் காற்று கிளம்பி, காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டது. உன் வீட்டுக்காரர் என்னையே முறைத்துப் பார்த்தார். "அக்கா, இதெல்லாம் நீயா பண்றியா?" என்று கேட்டார். நான் பிரசவம் பார்க்கிறவள், எனக்குக் கிளட்ச் கம்பி எங்கே இருக்கிறது என்றே அது அறுந்த பிறகுதான் தெரியும் என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகைகளையெல்லாம் திருத்திவிட்டார். 'குழந்தைகளை வெளியே எரியவும்' என்று இத்தனை வருஷம் இருந்ததாம். 'குப்பைகளை வெளியே எறியவும்' என்று இருக்க வேண்டியது, ஒருவரும் கவனிக்கவில்லை. இப்போது பெரிய டாக்டர் இவரைக் கண்டால் எழுந்து நிற்கிறார்.

பொழுது போகாமல் நாளைக்கிடம் வண்டி ஓட்டவும் கற்றுக்கொள்கிறார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற வெற்றுத் திடலில் வட்டமாகச் சுற்றுகிறார். இரண்டாவது கியர் வரைக்கும் வந்திருக்கிறார். மூன்றாவது எப்போது என்று கேட்டேன். குரு சொன்ன பதிலை நீயே ஊகித்துக்கொள்.

என்னை ஊருக்குக் கூப்பிடும் பேச்சைத் தினமும் எடுக்கிறார். எனக்கு அப்போதெல்லாம் ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 4

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

நாங்கள், அதாவது நான், நலம். நீங்கள் நலம் என்று அறிந்து சந்தோஷம்.

அச்சக முதலாளி தினமும் வீட்டு வாசலில் நிற்கிறார். இவர் இல்லாத நேரத்தில் ஒரு சமையல் புத்தகம் அச்சாகி வெளியே போய்விட்டது. 'ஒரு சிட்டிகை' வர வேண்டிய இடத்தில் 'ஒரு சட்டி' உப்பு என்று விழுந்திருக்கிறதாம். வாங்கியவர்கள் திட்டுகிறார்களாம். எப்படியாவது இவரை அனுப்பிவையுங்கள்.

நான் ஏன் எழுதுவதில்லை என்று ஒரு கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். எழுதினால் என் கை சும்மா இருக்காது, உள்ளதைச் சொல்லிவிடும். அதனால் இவர் என்னை எழுத விடவில்லை. இப்போது இவர் பக்கத்தில் இல்லை.

அண்ணி, உங்கள் அறையில் கட்டில் இல்லை, மெத்தை இல்லை. தையல் மிஷின்கள்தான் இருக்கின்றன. போன வருஷம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைக்க எடுத்தேன். இப்போது நான்கு பள்ளிக்கூடம். எனக்குத் துணையாக இரண்டு பெண்கள் வந்து தைக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் அந்த அறையில்தான் நன்றாக இருக்கிறது. அவருடைய துணிமணியே இப்போது சமையலறை அலமாரியில், பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் வரக்கூடாது என்று நான் நினைப்பதாக நினைக்காதீர்கள். நீங்கள் வந்தால் மிஷின்களைக் கூடத்துக்கு மாற்றி, நாங்கள் மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொள்வோம். அவர் மனதார உங்களைக் கூட்டிவரத்தான் வந்திருக்கிறார். கூட்டிவந்து எங்கே உட்கார வைப்பது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. ரயில் ஏறும் அன்றுகூட, "எப்படியாவது பாத்துக்கலாம்" என்றுதான் சொன்னார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

உங்கள் அன்புள்ள,
சின்னவள்


ஜூன் 10

என் வீட்டம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா? வாசலில் முதலாளி வந்து நின்றால் நான் வந்துகொண்டிருப்பதாகச் சொல். அது பொய்யும் அல்ல. மூன்று தடவை வந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை நடந்ததைச் சொல்கிறேன். நேற்று முன்தினம் காலையில் என் பெட்டியை ஏற்றிக்கொண்டு அக்காவும் நானும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். வண்டி அதிசயமாக ஒழுங்காகப் போனது. பாதி வழியில் மோட்டார் சைக்கிளில் ஒரு ஆள் குறுக்கே வந்து நிறுத்தினான். அவன் அண்ணன் பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டதாம், பிள்ளை குறுக்கே கிடக்கிற மாதிரி இருக்கிறதாம். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்டீரிங்கை மணல் பக்கம் திருப்பியாயிற்று. ஹார்ன் தானாக அடித்தது.

குடியிருப்பு என்றால் ஏழெட்டு மண்வீடுகள், ஒரு தண்ணீர்த் தொட்டி. அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு உடனே வெளியே வந்தாள். "இங்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். நான் பின்னாடி இவகூட இருக்கணும்" என்றாள். பிறகு என்னிடம் சாவியை நீட்டினாள்.

"எனக்கு ரெண்டாவது கியர் வரைக்கும்தான் தெரியும்" என்றேன்.

"ரெண்டாவதுலயே போ" என்றாள்.

போனேன். ஆஸ்பத்திரி வரைக்கும் இரண்டாவது கியரிலேயே போனேன். இன்ஜின் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மணல் வந்ததும் இறங்கிப் படுத்து டயர் காற்றை இறக்கினேன். சூடு ஏறியதும் ஹீட்டரைப் போட்டேன். அச்சகத்து ஆளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அது உண்மைதான். அந்தப் பெண் பின்னால் வலியில் கத்துகிறாள், "யாருய்யா நெருப்ப வச்சது?" என்று என்னைத் திட்டுகிறாள். நியாயமான கேள்வி. ஒரு இடத்தில் வண்டி நின்றே போனது. ஈரத்துணி என்றாள் அக்கா. துணி எங்கே? நான் ஊருக்குப் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்று நீ தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி, குடிதண்ணீரில் நனைத்துக் குழாயில் சுற்றினேன். கோபப்படாதே. கிளம்பிவிட்டது.

வெறும் பனியனோடு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன், பிரேக்கை மூன்று முறை மிதித்து. பெண்ணை இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். நான் இறங்கவில்லை. விரல்கள் ஸ்டீரிங்கை விடவில்லை. மெக்கானிக் நாளைக்குதான் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார். பெண் குழந்தை. இரண்டு உயிரும் பத்திரம்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். குடியிருப்பில் வண்டி கிளம்புகிற நேரத்தில் இன்னொரு பெண், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, ஓடிவந்து அக்காவின் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஆவணில. அப்பவும் வருவீங்கல்ல?" என்று கேட்டாள். ஜூனோடு அக்கா ஓய்வு பெறுகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்துதான் கேட்டாள்.

அக்கா, "வருவேன்" என்றாள்.

நான் தை மாதத்திலிருந்து எழுதி எழுதிக் கேட்ட கேள்வி. அவளுக்கு ஒரே சொல்லில் பதில் கிடைத்துவிட்டது. நான் கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். "ரோட்ட பாரு" என்றாள்.

ஒரே ஒரு டிக்கெட்தான் வேண்டும் என்று ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன்,
வீட்டுக்காரன்


ஜூன் 17

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி நலம். உன் வீட்டுக்காரரை இன்று காலை ரயில் ஏற்றிவிட்டேன். வண்டி ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அவருக்கே அது கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன்.

உன் கடிதம் இரண்டு நாளைக்கு முன்பு வந்தது. படித்துவிட்டு, ஆஸ்பத்திரியிலேயே அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தேன்.

"என் ரூம்ல எத்தன மிஷின் இருக்கு?" என்று கேட்டேன்.

"என்ன மிஷின்?" என்றார். டீயைக் குடித்தார். அது சூடாக இருந்தது, தொண்டை வெந்திருக்கும். பிறகு, "மூணு. ஓரம் அடிக்கிற ஓவர்லாக்கையும் சேத்தா நாலு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. அவரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார். அடுத்த அறையிலிருந்து பிள்ளைபெற்றவள் எட்டிப் பார்த்தாள்.

சின்னவளே, உன் கடிதம் எனக்கு எவ்வளவு பெரிய பாரத்தை இறக்கி வைத்தது என்று உனக்குத் தெரியாது. அந்தப் பூட்டி வைத்த அறையை நினைத்தால் எனக்கு ராத்தூக்கம் கிடையாது. எனக்காக வெள்ளையடித்து, மெத்தை போட்டு, ஒரு மனிதன் காத்திருக்கிறான், அவனிடம் எப்படி வரமாட்டேன் என்று சொல்வது? ஒவ்வொரு கடிதத்திலும் எழுத உட்காருவேன். பேனா ஜீப்பைப் பற்றி எழுத ஆரம்பித்துவிடும்.

அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து சொந்த வண்டியில் நானாகவே குடியிருப்புகளுக்குப் போகப்போகிறேன். மருந்துகளை ஆஸ்பத்திரி தரும். பெரிய டாக்டர் உடனே சம்மதித்துவிட்டார். இனி அவர் வண்டியை யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா.

"உன்ன உக்கார வச்சுப் பாக்கணும்னு நெனச்சேன்" என்றார் உன் வீட்டுக்காரர்.

"உக்காந்துதான இருக்கேன், ஸ்டீரிங் முன்னாடி" என்றேன். அதற்கு அவர் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனார். போய்ப் பார்த்தால் வண்டிக்குக் கீழே படுத்து டாங்க் ஒழுகலுக்குப் புதிதாகச் சோப்பு தேய்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்துவிட்டேன்.

மிஷின்களை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தாதே. கண்ணைப் பார்த்துக்கொள். நூல் கோக்கும்போது முகத்துக்கு அருகில் வைத்துப் பார்க்காதே.

அன்புள்ள,
அண்ணி


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. சின்னவளும் நானும் நலம். மூக்கில் புதுத் தோல் வந்துவிட்டது. சமையல் புத்தகத்துக்குப் பிழைத்திருத்தப் பட்டியல் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தோம். ஒரு அம்மா மட்டும் வாங்கவில்லை. அவர் வீட்டுக்காரருக்கு அந்த உப்புதான் பிடித்திருக்கிறதாம்.

ஊர் வந்து சேர்ந்த அன்று நேராக அந்த அறைக்குப் போனேன். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தரையெல்லாம் நீல நிறத் துணி. தைக்கிற பெண்கள் எழுந்து நின்றார்கள். உட்காருங்கள் என்றேன். ஒரு குட்டை நாற்காலியில் உட்கார்ந்து பட்டன் பிரித்துக் கொடுத்தேன். ராத்திரிதான் எல்லாம் பேசினோம். அவள் கொஞ்சம் அழுதாள். எதற்கு என்று கேட்டேன். "சட்டைக்கு" என்றாள். நான் நம்பவில்லை.

முப்பதாம் தேதி உனக்கு மாலை போட்டார்களா? யார் பேசினார்கள்? பெரிய டாக்டர் எழுதிப் படித்திருந்தால் அதில் எத்தனை பிழை? இதையெல்லாம் நீ எழுதவே இல்லை. மறுநாள் எந்தக் குடியிருப்புக்குப் போனாய், வண்டி எங்கே நின்றது என்று மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். பரவாயில்லை. இனி விட்டுப்போன வரியைத் தேடமாட்டேன்.

நேற்று அச்சகத்துக்குக் காகிதம் கொண்டுவருகிற லாரிக்காரர் வந்திருந்தார். நான் அவர் வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்ததும் அவருக்கு என் மேல் திடீர் மரியாதை. பேச்சுவாக்கில் கேட்டார், "உங்க அக்கா ரிட்டயர் ஆயிட்டாங்களாமே, கூட்டிட்டு வரத்தான போனீங்க? வீட்லதான் இருக்காங்களா?"

போன மாதமாக இருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். கையில் இருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"இல்லைங்க" என்றேன். "அக்கா வேலைக்குப் போயிருக்காங்க."

வேலை முடிந்து வந்ததும் பதில் எழுது. அவசரமில்லை.

உன்,
தம்பி